ஐயோ சொன்னவர்கள் அறுபத்தொரு சதவீதம்

தமிழ்க்கோதை ஆங்கிலேயர் ஆகிவிட்ட செய்தியை அவளிடம் முதலில் சொன்னது அவள் கணவன் ரஸ்லான்தான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கைவளைத் திரையில் செய்தி பார்த்தவன், வாயில் நுரையோடு சமையலறைக்கு ஓடி வந்தான்.

"கோதை, கணக்கெடுப்பு முடிவு வந்துடுச்சு. நான் தமிழனாம்!"

"நீயா?"

"நானேதான். மலாய்க்காரனாப் பிறந்து, மலாய்க்காரனா வளர்ந்து, நாப்பத்தாறு வயசுல தமிழனாயிட்டேன். வாழ்த்துச் சொல்லு லா."

கோதை சிரித்துச் சிரித்துத் தோசைக் கரண்டியைக் கீழே போட்டாள். "அப்ப எனக்கு என்ன போட்டிருக்கு? பாரு பாரு."

ரஸ்லான் பார்த்தான். பிறகு போய் வாயைக் கொப்பளித்தான். ஒரு வாய் கொப்பளிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"என்னப்பா, சொல்லேன்."

"ஆங்கிலேயர்னு போட்டிருக்கு" என்றான்.

தோசை கருகியது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

கோதைக்கு இது வெறும் வேடிக்கையாக இருந்திருந்தால் பரவாயில்லை. தெப்பநாட்டு வானொலியில் பத்தொன்பது வருஷமாகத் தமிழ்ச் செய்தி வாசிப்பவள் அவள். 'வணக்கம், செய்திகள் வாசிப்பது தமிழ்க்கோதை' என்று அவள் ஆரம்பித்தால் மீன் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பவன்கூடக் கையை நிறுத்துவான். அந்த நாட்டுச் சட்டம் என்னவென்றால், எந்த மொழிச் செய்தியையும் அந்த இனத்தார்தான் வாசிக்கலாம். எந்த இனம் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லும். கணக்கெடுப்பு இப்போது சொல்லிவிட்டது.

இந்தத் தெப்பநாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல் ஏறி வந்து கரைகளைத் தின்ற காலத்தில் நாகப்பட்டினம், மாத்தறை, கொல்லம், மாலத்தீவு, பினாங்கு என்று ஒவ்வொரு கரையிலிருந்தும் தப்பி வந்தவர்கள், தெப்பத்தோடு தெப்பத்தைப் பிணைத்துப் பிணைத்து நடுக்கடலில் கட்டிய நாடு அது. வந்தவர்களுக்கு வீடு, பள்ளி, வானொலி எல்லாவற்றையும் இன வாரியாகப் பங்கு பிரித்தார்கள். பங்கு என்று வந்துவிட்டால் எண்ணித்தானே ஆக வேண்டும்? பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணினார்கள்.

முதலில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள். மலாய்க்காரருக்கு மீன்பிடியில் முன்னுரிமை வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. அடுத்த கணக்கில் மலாய்க்காரர்கள் இரண்டு மடங்கு! அத்தனை பிள்ளை எந்த நாட்டிலும் பிறக்காது. அதற்கடுத்த கணக்கின்போது சிங்களப் பள்ளிகளில் இடம் நிறைய இருப்பதாகப் பேச்சு. மலாய்க்காரர்களில் பாதிப்பேரைக் காணோம். நம்மாட்கள் மட்டும் என்ன, யோக்கியமா? தமிழ் வானொலியில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் மலையாளத் தெரு ஒன்று அப்படியே தமிழ்த் தெருவாக மாறியது. அதே வருஷம் நம் தெரு இரண்டு, மலையாளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

சனங்களின் வாயை நம்ப முடியாது, ரத்தம் பொய் சொல்லாது என்று அடுத்த தடவை ரத்தத்தை எடுத்தார்கள். ரத்தம் பொய் சொல்லவில்லைதான். ஆனால் உருப்படியாக எதையும் சொல்லவும் இல்லை. ஒவ்வொருத்தர் உடம்பிலும் ஏழெட்டு இனம். தமிழ்ச் சங்கத் தலைவர் உடம்பில் தமிழைவிடப் போர்த்துக்கீசியம் கூடுதலாக இருந்தது. பாவம் மனிதர், ரொம்ப நாள் சங்கத்துப் பக்கமே வரவில்லை. கடைசியில் பழைய கணக்கையே வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் இந்தத் திடுக்குமானி வந்தது.

"இதுல என்ன பெரிய விஞ்ஞானம் இருக்கு?" என்று கோதை அன்று காலையில் கத்தினாள். "கதவுல கால் இடிச்சுக்கிட்டா என்ன சொல்றோமோ அதை வச்சு இனமா?"

"அதான் அவங்க சொல்றது" என்றான் ரஸ்லான். அவன் கைவளை பழுதுபார்ப்பவன். அதன் உள்சங்கதி அவனுக்குத் தெரியும். "யோசிச்சுப் பேசுறப்ப மனுசன் எந்த மொழியிலயும் பேசலாம். திடுக்குன்னு ஆகுறப்ப யோசிக்க நேரமில்லை. நாடி குதிக்கும், வாய்ல ஒரு வார்த்தை வரும். அது பொய் சொல்லாதாம். வளை ஒரு மாசம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு இல்ல? அந்த வார்த்தையை எல்லாம் சேர்த்து எண்ணிட்டாங்க."

"உனக்கு என்ன வந்துச்சு?"

"ஐயோ."

"அதுக்குத் தமிழனா? பினாங்குல சீனன், மலாய்க்காரன், தமிழன் எல்லாரும்தானே ஐயோங்கிறான்?"

"பினாங்கு என்ன, மாத்தறையில சிங்களவன் சொல்றான். கொல்லத்துல மலையாளி சொல்றான். அதனாலதான் இந்தத் தடவை தமிழர் எவ்வளவு தெரியுமா? அறுபத்தொரு சதவீதம்!"

போன கணக்கில் பதினான்கு. சங்கத்தில் அன்றைக்கே லட்டுப் பிடித்தார்கள். இன விகிதப்படிதான் வானொலி நேரம். தமிழ்ச் செய்தி கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாகியது. கோதை இந்த ஒரு மணி நேரத்துக்காக எத்தனை அதிகாரிகளிடம் நடையாய் நடந்திருப்பாள்! கிடைத்தது. வாசிக்க அவளுக்குத்தான் உரிமை போய்விட்டது.

"எனக்கு என்ன வார்த்தை வந்துச்சாம்?" என்று கேட்டாள்.

"அவுச்" என்றான் ரஸ்லான், தரையைப் பார்த்துக்கொண்டு. "மாசம் பூரா அவுச்தான் கோதை. ஒரு தடவைகூட மாறலை."

மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருந்தது. கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் மூன்று தடவை திடுக்கிட்டுக் காட்ட வேண்டும். அதில் ஒரு தடவை தமிழ் வந்தாலும் போதும். நடிக்க முடியாது, நாடி காட்டிக்கொடுத்துவிடும். அதுவரை செய்தி வாசிக்க மெய்லினை உட்கார வைத்தார்கள். மெய்லின் சீன வம்சத்துப் பெண், படு சுட்டி, வாக்கியத்துக்கு ஒரு 'ஐயோ' போட்டுத்தான் பேசுவாள். திடுக்குமானிக்கு அவள் சுத்தத் தமிழச்சி. குரலும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நாளே, "நாளை தென் தெப்பங்களில் கன மலை பெய்யும்" என்று வாசித்தாள். கோதை வானொலியின் மேல் தலையணையை எறிந்தாள்.

"மலை பெய்ஞ்சா நாடே முழுகிடுமேடி!"

அந்த வாரம் பூராவும் வீட்டில் ஒத்திகை நடந்தது. கோதை வெங்காயம் நறுக்கும்போது ரஸ்லான் பின்னால் வந்து தட்டைப் போட்டு உடைத்தான். "அவுச்!" குளிக்கப் போனவள் தலையில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்தான். "அவுச்!" கடைசியில் சந்தைக்குப் போய் உயிர் நண்டு ஒன்று வாங்கி வந்து, அவள் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது தோளில் விட்டான். கோதை "அவுச்" என்று துள்ளியதில் நண்டு திரும்பி ரஸ்லான் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது.

"ஐயோ! ஐயையோ! எடு கோதை, எடு!"

"பாரு, உனக்கு எவ்வளவு அழகா வருது" என்று அவள் வயிறெரிந்தாள். நண்டைக் குழம்பு வைத்தார்கள்.

சாப்பிடும்போது ரஸ்லான் மெதுவாகக் கேட்டான். "வீட்டுல தமிழ், வேலையில தமிழ், கனவுல பேசுறதுகூடத் தமிழ். இந்த அவுச் மட்டும் எங்கிருந்து வந்துச்சு உனக்கு?"

கோதை நண்டு ஓட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

"ஒண்ணாங்கிளாஸ்ல வந்துச்சு. எங்க தெப்பத்துல ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருந்துச்சு, இப்ப இல்லை. தமிழ் பேசினா கழுத்துல ஒரு மரக்கட்டையை மாட்டி விடுவாங்க. ஒருநாள் படியில விழுந்து முட்டி பிளந்துபோச்சு. 'அம்மா'ன்னு கத்திட்டேன். ரத்தம் ஒழுக ஒழுக முதல்ல கட்டையை மாட்டிவிட்டு, அப்புறம்தான் மருந்து போட்டாங்க. 'அடிபட்டா அவுச் சொல்லணும்'னு சொல்லிக் கொடுத்தாங்க. சாயந்திரம் வீட்டுல அம்மா காயத்துல மஞ்சள் வச்சாங்க. எரிஞ்சுது. 'அவுச்'னு சொன்னேன். அம்மாவுக்கு எவ்வளவு சந்தோசம்கிறே! பிள்ளை இங்கிலீஷ்ல அழுவுதுன்னு தெருவையே கூப்பிட்டுக் காமிச்சாங்க. தமிழ்க்கோதைன்னு பேர் வச்ச எங்கப்பா இருக்காரே, அவரும் கைதட்டினார்."

ரஸ்லான் நண்டுக் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "விடு. மேல்முறையீட்டுல பார்த்துக்கலாம்" என்றான்.

மேல்முறையீட்டு அதிகாரியின் பெயர் ஹேமமாலா. மாத்தறைச் சிங்களக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும், மூக்கில் கண்ணாடி. கோதை உள்ளே போனதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, உங்கட செய்தியைக் கேட்டுத்தான் நான் தமிழே படிச்சனான். உங்களுக்கு இப்படி ஆனதில எனக்குச் சரியான கவலை. இருங்கோ."

"நீங்க இப்ப என்ன இனம் மேடம்?"

ஹேமமாலா வெட்கப்பட்டாள். "தமிழ். ஐயோ சொல்லிப் போட்டன்."

கோதையை நாற்காலியில் உட்கார வைத்து, கைவளையைத் திடுக்குமானியோடு இணைத்தார்கள். அது ஒன்றும் பிரமாதமான எந்திரமில்லை. ஒரு டப்பா, ஒரு திரை. ரஸ்லானை உள்ளே விடவில்லை. அடுத்த தெப்பத்துக்குப் போகும் நடைபலகையில், தேநீர்ப் பிளாஸ்க்கோடு நின்றிருந்தான். ஜன்னல் வழியாகத் தெரிந்தான். இவள் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நண்டு கடித்ததற்குப் போட்ட கட்டு இன்னும் இருந்தது.

முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சங்கு அலறியது. "அவுச்!"

"ஒன்று போச்சு" என்றாள் ஹேமமாலா, தனக்கே தண்டனை விழுந்ததுபோல. "பயப்படாதேங்கோ. இன்னும் ரெண்டு இருக்கு."

சும்மா பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சோடு பேச்சாக நாற்காலி சட்டென்று பின்பக்கம் சாய்ந்தது. கோதை பல்லைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோசனம்? பல்லிடுக்கு வழியாகவே வந்தது. "அவுச்!"

கோதைக்கு அழுகை முட்டியது. பத்தொன்பது வருஷம். புயல் வந்த ராத்திரிகளில் எந்தத் தெப்பம் அறுந்தது, எந்தத் தெப்பம் தப்பியது என்று இந்த வாயால்தானே சொன்னாள்? அந்த வாய் இவளைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறதே! வேலை போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்கும். நீ தமிழச்சி இல்லை என்று ஒரு டப்பா சொல்லி, அதை இவள் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பெரிய சரக்குக் கப்பல் ஒன்று எதிரே போயிருக்க வேண்டும். அலை வந்து இரண்டு தெப்பங்களையும் தூக்கிப் போட்டது. நடைபலகை ஒருபக்கம் கழன்றது. ரஸ்லான் பிளாஸ்க்கைப் பிடித்தபடியே இரண்டு தெப்பத்துக்கும் நடுவே, தண்ணீருக்குள் மறைந்தான்.

"என்னங்க!"

அந்தச் சத்தம் தன்னிடமிருந்துதான் வந்தது என்று கோதைக்கே உறைக்கவில்லை. வளையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். அதற்குள் காவலாளி கயிற்றை வீச, ரஸ்லான் அதைப் பிடித்து ஏறி, சொட்டச் சொட்ட நின்றான். பிளாஸ்க் பத்திரமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றான். பிறகு அவளை ஒரு மாதிரி பார்த்தான். "உள்ள இருந்து யாரையோ கூப்பிட்டியே. யாரை?"

"யாரையும் கூப்பிடலை, போடா!" என்று அவன் ஈரச் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே அழுதாள்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் அம்மா ஆயுசுக்கும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை; 'என்னங்க'தான். அடுத்த தெப்பத்தில் இருக்கும் அப்பாவை 'என்னங்க' என்று கூப்பிட்டால் நாலு வீட்டு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோதைக்கு அது கேட்டாலே எரிச்சல். ஒருத்தனுக்குப் பெயர் இருக்கும்போது பெயர் சொன்னால் என்ன என்று சண்டை போடுவாள். அந்த வார்த்தை இவளுக்குள் இவ்வளவு ஆழத்தில் எப்போது போய் உட்கார்ந்தது? பள்ளிக்கூடத்துக் கட்டை அதை மட்டும் தொடவில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்குப் புருஷனைக் கூப்பிடும் வேலை ஏது?

அவனையும் இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்தபோது ஹேமமாலா எந்திரத்தின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா, நூறு!"

"என்ன நூறு?"

"தமிழ், நூறு சதவீத உறுதி. ஐயோவுக்கே இது அறுபது எழுபதுக்கு மேல் போட்டதில்லை. வேறு எந்த இனத்துப் பெண்ணும் பயந்து நடுங்குற நேரத்தில புருசனை இப்படிக் கூப்பிட மாட்டாளாம். நீங்கள் வென்றிட்டீங்கள்!"

ரஸ்லான் ஈரத்தோடு ஹேமமாலாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கோதை தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திரையில் வேறு எண்கள் ஓடிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான்.

"அது என்ன மேடம், எட்டு?"

ஹேமமாலா திரையைப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"எந்திரம் திரும்பக் கணக்குப் போடுது அக்கா. இதுவரைக்கும் அதுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான தமிழ் வார்த்தை இல்லை. ஐயோவைத்தான் தமிழ் எண்டு வச்சிருந்தது. இப்ப உங்கட வார்த்தை கிடைச்சிட்டு. அதோட வச்சுப் பார்த்தால் ஐயோ எல்லாருக்கும் பொதுவாம். ஐயோ சொன்ன அத்தனை பேரையும் 'பொது' எண்ட கட்டத்துக்குத் தள்ளுது."

"ஐயோ சொன்ன நிசத் தமிழங்களையும் சேர்த்தா?"

"ஓம். அம்மாடியோ, அடியாத்தே, முருகா சொன்ன ஆக்கள் மட்டும்தான் மிச்சம். எட்டு சதவீதம்."

ரஸ்லானின் கை அப்படியே நின்றது. பத்துக்குக் கீழே போனால் தனிச் செய்தி கிடையாது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேரம் இல்லை, கால் மணி நேரமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"பதிஞ்சாச்சா இது?" என்று கோதை கேட்டாள்.

"இன்னும் இல்லை. நீங்கள் மேல்முறையீட்டு முடிவை ஏற்றால்தான் பதியும். விலகினால் உங்கட வார்த்தை அழிஞ்சுபோகும். அறுபத்தொன்று அப்படியே இருக்கும். நீங்கள்..."

"நான் இங்கிலீஷ்காரியாவே இருப்பேன்."

ரஸ்லானிடமிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"கோதை, பேசாம ஏத்துக்கோ" என்றான் அவன். "உனக்கு நியாயமா வந்தது இது. எந்திரம் முட்டாள்னா அதுக்கு நீ என்ன பண்ணுவே? உன்னைத் தமிழச்சி இல்லைன்னு எவனும் சொல்லக் கூடாது. எனக்குத் தாங்காது."

கோதை அவனைப் பார்த்தாள். முந்தாநாள் சந்தையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. நண்டு விற்கும் மாலத்தீவுக்காரி ஏழு மணிக்கு வானொலியைத் திருப்பினாள். இப்போது அவள் கணக்குப்படி தமிழச்சி என்பதால் தமிழ்தான் அவள் வளையில் முதலில் வரும். அரைகுறையாகப் புரிந்துகொண்டு, பக்கத்துக் கடைக்காரனிடம் மெய்லின் அன்றும் வாசித்த 'கன மலை'யைப் பற்றிக் கவலையாக விசாரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரன் மலையாளி. அவனும் தமிழில்தான் பதில் சொன்னான். பதினான்கு சதவீதத்தில் இவள் பத்தொன்பது வருஷம் அழகாக வாசித்தபோது அந்தச் சந்தையில் நாலு பேர் கேட்டிருப்பார்களா?

"தமிழ்ச் செய்தி இல்லாத ஊர்ல தமிழச்சியா உட்கார்ந்து நான் என்ன பண்ணப் போறேன் ரஸ்லான்?" என்றாள். "மலையோ மழையோ, ஒரு மணி நேரம் பெய்யட்டும்."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு. நெஞ்சே வலிக்குது" என்றாள் கோதை. "அழுவணும்னா வீட்டுல போய் அழுதுக்கலாம். தமிழனா நீ ஒருத்தன் இருக்கே இல்ல வீட்டுல, அது போதும்."

ரஸ்லான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தண்ணீரில் விழுந்தவன் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ஹேமமாலா விலகல் மனுவை எடுத்து வைத்தாள். கோதை பேனாவை வாங்கி, வழக்கம்போலத் 'த' போட ஆரம்பித்தாள். ஹேமமாலாவின் கை குறுக்கே வந்தது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இதில அவரவர் இனத்து மொழியிலதான் கையெழுத்துப் போட வேணும். அது விதி."

பிறந்ததிலிருந்து அவள் தமிழைத் தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டதை அடித்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பாதி வழியில் பேனா நின்றது.

"மேடம், இந்த 'ழ' வர்ற இடத்துல இங்கிலீஷ்ல என்ன எழுத்துப் போடுறது?"

ஹேமமாலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இசட், ஹெச் போடுங்கோ அக்கா" என்றாள். "நாங்கள் தமிழர் அப்படித்தான் எழுதுறது."